முப்பத்திரண்டு கே-க்குள் ஒரு மார்த்தாண்டம் பஸ்

பம்மத்தில், மார்த்தாண்டம் மேம்பாலம் தரையை விட்டு எழும்பத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் இப்பால், ஜெஸ்மியின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் என்பது பேருக்குத்தான். ஆதாரில் பிறந்த தேதி தப்பு, ரேஷன் கார்டில் மருமகள் பெயர் ஏறவில்லை, கல்ஃபுக்குப் போகப் பாஸ்போர்ட் வேண்டும் என்று வருகிறவர்கள்தான் அதிகம். பகல் முழுக்க அடுத்தவர்களின் கைரேகையோடும் ஓடிபியோடும் மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் கடையைப் பூட்டி, வீட்டுக்கு வந்து, பால் விடாத ஒரு கட்டன் சாயாவோடு அவள் உட்காருவது இன்னொரு கம்ப்யூட்டரின் முன்னால். அதற்கும் அவளுக்கும் ஏறத்தாழ ஒரே வயது.

கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடங்கிய சாதனம் அது. டிவியில் வயரைச் செருகி, ஸ்விட்ச் போட்டால் நீலத்திரையில் அரபி எழுத்து வரும். ஜெஸ்மியின் அப்பா ஜான்ரோஸ் குவைத்தில் டிரைவராக இருந்தார். ஒரு தடவை லீவுக்கு வந்தபோது சோப்பு, டார்ச் லைட், கம்பளி இவற்றோடு இதையும் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அங்கே பணக்காரப் பிள்ளைகளெல்லாம் இதை வைத்துத்தான் படிக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அடுத்த லீவு வருவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. ஜான்ரோஸ் உடுத்த துணியோடு ஊர் திரும்பி, மிச்சக் காலம் ரப்பர் வெட்டினார். சின்னப்பிள்ளை ஜெஸ்மி அந்தக் கம்ப்யூட்டரில் தன் பெயரைத் திரை முழுக்க ஓடவைக்கும் வரைக்கும் படித்துவிட்டாள். பிறகு பழைய டிவி புகைந்து போனது. கம்ப்யூட்டர் மச்சில் ஏறியது.

அது கீழே இறங்கியது கொரோனா காலத்தில். கடையைத் திறக்க முடியாது. ஜெஸ்மிக்கோ சும்மா இருந்தால் தலைவலி வந்துவிடும். மச்சைத் தூத்துப் பெருக்கும்போது பெட்டி அகப்பட்டது. திறந்தால் உள்ளே ஒரு கரப்பான்பாச்சா குடும்பம் பேரன் பேத்தியோடு குடியிருந்தது. அவற்றை விரட்டிவிட்டு, கம்ப்யூட்டரின் மாடல் பெயரை ஃபோனில் தட்டிப் பார்த்தவள் திகைத்துப் போனாள். பிரேசிலில், ஸ்பெயினில், ஹாலந்தில், ஜப்பானில் ஆட்கள் இன்னமும் இதே வகைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கூத்தடிக்கிறார்கள்! கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து அழகு பார்க்கிற ஆட்கள் இல்லை. புதுசு புதுசாக கேம் எழுதுகிறார்கள், கேமை அடைத்துக் கம்ப்யூட்டரில் செருகுகிற கேட்ரிட்ஜைப் புதுசாகச் செய்கிறார்கள், அதற்கென்று வருஷா வருஷம் போட்டி வைத்துச் சண்டை வேறு போடுகிறார்கள்.

ஜெஸ்மி ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கினாள். முதல் வாரம் சாப்பாட்டு மேசையில் ஒரு ஓட்டையும் பெருவிரலில் ஒரு கொப்புளமும் விழுந்தன. பிறகு கை பழகியது. பவர் சப்ளையில் உப்பிக் கிடந்த கெப்பாசிட்டர்களை மாற்றினாள்; அழுத்தினால் அமுங்காத கீபோர்டுக் கட்டைகளைக் கழற்றித் துடைத்தாள்; எல்ஈடி டிவிக்கு ஏற்ற மாதிரி வயர் செய்தாள்; எஸ்.டி. கார்டு செருகுகிற கேட்ரிட்ஜ் ஒன்றின் போர்டை வரவழைத்து அதையும் தானே பற்றவைத்தாள். நீலத்திரை வந்த அன்றைக்கு வீட்டில் கறி வைத்தார்கள்.

அவள் புருஷன் ஞானசிங் இதையெல்லாம் தடுக்கவில்லை. அரசு பஸ் டிரைவர். நாகர்கோவில் - மார்த்தாண்டம், தக்கலை வழி. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ரோட்டிலேயே போய்ப் போய் வந்தவர். "சிலபேரு கோழி வளக்கா, இவ இத வளக்கா," என்பார் கேட்கிறவர்களிடம். அதற்கு மேல் அவருக்கு அதில் அக்கறை கிடையாது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருக்கு இடுப்பு பிடித்தது. முதலில் தைலம், பிறகு பெல்ட், பிறகு ஸ்கேன். முதுகெலும்பில் டிஸ்க் விலகியிருக்கிறது, இனி கனரக வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டெப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். வண்டி உள்ளே வந்தது, வெளியே போனது என்று குறிக்கிற வேலை. சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் மனுஷன் ஒரேயடியாக மாறிவிட்டார். ரோட்டோர வீடு, முன்னறையில் இருந்தால் போகிற வருகிற பஸ்ஸெல்லாம் கண்ணில் படும். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அடுக்களைப் பக்கத்தில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வந்தால் கடைசி பெஞ்சில் இருந்துவிட்டு, யாரும் நலம் விசாரிப்பதற்குள் எழும்பிப் போய்விடுவார். ஜெஸ்மி கேட்டால், "ஒண்ணும் இல்ல பிள்ளே," என்பார். அந்த ஒண்ணுமில்லை நாளுக்கு நாள் பெரிசாகிக்கொண்டே போனது.

அந்தச் சமயம் ஜெஸ்மி, இணையத்து ஆட்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டு, வருஷப் போட்டிக்கென்று ஒரு கேம் எழுதத் தொடங்கியிருந்தாள். ஒரு கோட்டை, அதற்குள் பேய்கள், நடுவில் ஒரு வீரன். போட்டிக்கு வருகிற பாதி கேம் அப்படித்தான் இருக்கும். அவளுக்கோ கோட்டையும் தெரியாது, வீரனையும் தெரியாது. பேயைப் பற்றி வேண்டுமானால் ஒன்றிரண்டு கேள்விப்பட்டிருக்கிறாள். இரண்டு மாதமாக இழுத்தும் அது உயிர் பிடிக்கவில்லை. ஒரு சாயங்காலம் சலித்துப்போய் கோட்டையை அழித்துவிட்டு, திரையில் சும்மா ஒரு ரோடு போட்டாள். இரண்டு பக்கமும் தென்னை. ரோடு மேலிருந்து கீழாக ஓடியது. ஓடுகிற ரோட்டைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அடுக்களைப் பக்கமாகத் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"இஞ்ச பாருங்க, வில்லுக்குறி தாண்டினா முதல்ல வாற வளைவு இடத்தோட்டா, வலத்தோட்டா?"

அடுக்களையிலிருந்து திருப்பிக் கேள்விதான் வந்தது.

"என்னத்துக்கு?"

"சும்மா கேக்கேன். நான் வலத்தோட்டுப் போட்டிருக்கேன்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஞானசிங் இடுப்பில் கை வைத்தபடி வந்து, டிவியைப் பார்த்தார். இரண்டு நிமிஷம் பார்த்திருப்பார்.

"இது எந்த ஊரு ரோடுட்டி? இம்புட்டு அகலத்துக்கு ரோடு நான் கண்டதில்லியே. இதுல பாதியாக்கும் நம்ம ரோடு. அதுலயும் ஒரு ஓரத்துல ஓடைக்கு மூடி கிடக்காது."

மறுநாள் அவர் டெப்போவிலிருந்து வரும்போது பழைய காலண்டர் தாள்கள் சிலவற்றைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். பின்பக்கத்தில் பென்சிலால் நாகர்கோவில் வடசேரி ஸ்டாண்டிலிருந்து மார்த்தாண்டம் வரை ரோட்டை வரைந்திருந்தார். சுங்கான்கடையில் எங்கே காலேஜ் பிள்ளைகள் கை காட்டுவார்கள், தக்கலை ஜங்ஷனில் எந்தப் பக்கத்திலிருந்து ஆட்டோ சாடும், அழகியமண்டபத்தில் எந்தக் கடைக்காரன் வாழைக்குலையை ரோட்டிலேயே இறக்குவான் என்பது வரைக்கும் அதில் இருந்தது.  வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று தோன்றியதால் ஜெஸ்மி சாயா போடப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பஸ் பேச்சுதான். டிஸ்க் காரணமாக ஞானசிங்கால் நெடுநேரம் உட்கார முடியாது. நின்றுகொண்டே ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஓட்டிப் பார்ப்பார். ஓட்டிவிட்டு ஒரு குறை சொல்வார். வண்டி திரும்புகிறபோது பின்பக்கம் தனியாக அகலவேண்டும் என்பார். ஹாரன் பீ பீ என்கிறதே, இது பஸ்ஸா ஐஸ் வண்டியா என்பார். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் மூன்று சத்தம்தான் எழுப்ப முடியும். ஒன்று எஞ்சினுக்குப் போக, மிச்சம் இரண்டையும் ஹாரனுக்குக் கொடுத்து, அவர் வாயால் ஊதிக் காட்டக் காட்ட ஜெஸ்மி எண்ணை மாற்றி மாற்றிப் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன ஜெஸ்மி, வீட்டுக்குள்ள வண்டி கேறிட்டா?" என்று கேட்ட பிறகுதான் அவர் சரி என்றார்.

இதைவிடப் பெரிய தகராறு வேறொன்று. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு குணம் உண்டு. நகரும் பொம்மைகளில் ஒரே வரிசையில் நாலு வரைதான் காட்டும். ஐந்தாவது வந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. பொம்மை ஒன்றுக்கு நிறமும் ஒன்றுதான். பஸ்ஸுக்கு இரண்டு நிறம் வேண்டுமென்றால் இரண்டு பொம்மையை ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கவேண்டும். அப்படி வைத்தால் பக்கத்தில் இன்னும் இரண்டு வண்டிக்குத்தான் இடம். ஒற்றை நிறத்தில் பஸ் விடலாம் என்றாள் ஜெஸ்மி. ஒற்றை நிறத்தில் விடுவதற்கு அது என்ன தண்ணி லாரியா என்றார் ஞானசிங். கடைசியில் பஸ்ஸுக்கு இரண்டு நிறமே வைத்தார்கள். தக்கலை ஜங்ஷனில் வண்டிகள் நெருங்கும்போது ஏதாவது ஒரு ஆட்டோ மறைந்து மறைந்து தெரிந்தது.

"இது ஒரு குறைதான். என்ன செய்தாலும் போவாது," என்று ஜெஸ்மி வருத்தப்பட்டாள்.

"குறையா? இதாக்கும் பிள்ளே கறக்ட்டு! ஆட்டோக்காரன் இப்பிடித்தான். கண்ணாடில பாத்தா இருக்கமாட்டான், திரும்பினா முன்னால நிப்பான். இத மட்டும் தொட்டுராத."

ஞானசிங்கோடு நெடுங்காலம் கண்டக்டராகப் போன பகவதியப்பன் ஒருநாள் பார்க்க வந்தார். கூட்டாளி முகம் தெளிந்திருப்பதைக் கண்டு அவருக்கும் சந்தோஷம். ஆனால் கேமைப் பார்த்ததும் முகம் கோணிவிட்டது.

"சிங்கண்ணே, இதுல கண்டக்டர் எங்க?"

ஜெஸ்மியும் ஞானசிங்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை இருவருமே நினைக்கவில்லை.

"விசில் இல்லாம வண்டிய எடுப்பீரா? எடுத்தா நான் விடுவனா? தங்கச்சி, ஒரு விசில் அடிச்சா நிக்கணும். ரெண்டு விசில் அடிச்சாத்தான் எடுக்கணும். அதுக்கு முன்ன எவனாவது வண்டிய நகத்தினா படில நிக்க ஆளு கீழ விழுவான்."

அப்படியே ஆயிற்று. பட்டனை ஒரு தடவை தட்டினால் ஒரு விசில், இரண்டு தடவை தட்டினால் இரண்டு. இரட்டை விசில் இல்லாமல் பஸ் நகராது. பகவதியப்பன் வாயிலிருந்து வருகிற வாசகங்கள் சிலவற்றையும் ஜெஸ்மி சேர்த்தாள். அதற்காகச் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் தமிழ் எழுத்தை அடைத்தாள். எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் மற்ற எழுத்தெல்லாம் ஒருவழியாக நின்றன. 'ழ' மட்டும் வாலைச் சுருட்டினால் 'மு' மாதிரியும் நீட்டினால் 'டி' மாதிரியும் தெரிந்து அவளை ஒரு வாரம் படுத்தியது. 'உள்ள கேறி நில்லுங்க' என்ற வரி திரையின் அடியில் வந்த அன்றைக்குப் பகவதியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

மார்த்தாண்டத்துக்கு வந்து சேர்ந்ததும் மேம்பாலம் வரும். காலியாக, நீளமாக, வா வா என்று கூப்பிடும். அதில் ஏறினால் ஆட்டம் முடிந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பாலத்தின் கீழேதான் வழி. மேலே ஏறுகிறவனைப் பயணிகள் எல்லாரும் சேர்ந்து திட்டுவார்கள். இது ஞானசிங்கின் யோசனை. புதிதாக வந்த டிரைவர் ஒருவர் யோசனை வேறெங்கோ இருந்து அப்படி ஏறிவிட்ட கதையை அவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து ஜெஸ்மி பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

'தக்கலை வழி' என்று பெயர் வைத்துப் போட்டிக்கு அனுப்பினார்கள். போட்டியில் ஒரு கட்டுப்பாடு உண்டு: மொத்த கேமும் முப்பத்திரண்டு கே-க்குள், அதாவது முப்பத்திரண்டு கிலோபைட்டுக்குள், அடங்கவேண்டும். கடைக்கு வருகிறவர்கள் ஃபோனில் எடுத்துக்கொண்டு வரும் ஒரு போட்டோ பிடிக்கிற இடத்தில் இப்படி நூறு கேம் வைக்கலாம். ஜெஸ்மியின் பஸ் அந்த இடத்தை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் நிரப்பியிருந்தது.

ஒரு வாரம் கழிந்து பிரேசிலிலிருந்து எடுவார்டோ என்பவர் எழுதினார். ரொம்ப நாளாக ஜெஸ்மிக்கு இணையத்தில் பழக்கமானவர். கெப்பாசிட்டர் மாற்றும்போது எந்தப் பக்கம் பிளஸ் என்று சொல்லிக் கொடுத்ததே அவர்தான். கேம் பிரமாதம், விசில் பிரமாதம், ஆனால் தக்கலையை இங்கே ஒருவராலும் தாண்ட முடியவில்லை. ஜப்பானில் ஒருவர் கையில் சுளுக்கோடு இருக்கிறார். மனுஷர்கள் ஓட்டக்கூடியதுதானா இது என்று கேட்டிருந்தார்.

ஜெஸ்மி வாசித்துச் சொன்னதும் ஞானசிங்குக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பின்ன, தக்கலைன்னா விளையாட்டா? அவனுவளுக்கு ஓட்டத் தெரியாது. பழகணும்னு சொல்லு."

ஆனால் ஹாலந்திலும் ஸ்பெயினிலும் ஆட்கள் எளிதாகத் தாண்டி மார்த்தாண்டம் வந்து, பாலத்தில் ஏறித் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெஸ்மிக்கு அது இடித்தது. எடுவார்டோவிடம் ஒரு வீடியோ கேட்டாள். வந்தது. பகவதியப்பனையும் சேர்த்து மூன்று பேரும் டிவி முன்னால் நின்று பார்த்தார்கள். வடசேரியில் இரட்டை விசில் கேட்டது. பஸ் கிளம்பியது. கிளம்பிய பஸ் பிரேக் பிடித்தால் நிற்காத வேகத்தில் பார்வதிபுரத்தைக் கடந்தது.

ஞானசிங் முகம் சிவந்துபோனது.

"எவனாக்கும் இப்பிடி ஓட்டுகது? ஏட்டி, அது என் வண்டி! என் சர்வீஸ்ல ஓவர் ஸ்பீடுன்னு ஒருத்தன் விரல நீட்டினது கிடையாது. அங்க பாரு, சுங்கான்கடைல நிறுத்தாம போறான் பாரு சவம்!"

"பொறுங்க, அவரு வேகமா ஓட்டல்ல," என்றாள் ஜெஸ்மி. அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. "அவருக்க டிவி வேகமா ஓடுகு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். குவைத்திலிருந்து வந்த அவள் கம்ப்யூட்டர் டிவியில் நொடிக்கு ஐம்பது தடவை படம் வரைகிறது. ஹாலந்திலும் ஸ்பெயினிலும் அப்படித்தான். பிரேசிலிலும் ஜப்பானிலும் அறுபது தடவை. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு அடி முன்னால் போ என்று அவள் பஸ்ஸுக்குச் சொல்லியிருந்தாள். பஸ் பாவம், சொன்னபடி ஓடியது.

சரிசெய்யும் வழி அவளுக்குத் தெரியும். எந்த நாட்டுக் கம்ப்யூட்டர் என்று உள்ளே ஓரிடத்தில் எழுதியிருக்கும். அதைப் பார்த்து, அறுபதுக்காரனாக இருந்தால் ஆறில் ஒரு தடவை பஸ்ஸைச் சும்மா நிறுத்தினால் போதும். நடுவர்கள் திருத்தத்துக்குக் கொஞ்சம் அவகாசமும் கொடுத்தார்கள். ஆனால் அந்த நாலைந்து வரியைச் சேர்க்க இடம் வேண்டுமே! முப்பத்திரண்டு கே தளும்பி நிற்கிறது. எதையாவது இறக்கினால்தான் இது ஏறும்.

"பாலத்த எடுத்துரட்டா? அதாக்கும் இடம் பிடிக்குகு."

"பாலத்த எடுத்தா பிறவு என்ன மார்த்தாண்டம்?" என்றார் ஞானசிங்.

"அப்ப அண்ணாச்சிக்க பேச்சுல ரெண்டு வரி..."

 பகவதியப்பன் சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார். ஜெஸ்மி அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

தென்னையில் பாதியை வெட்டலாமா, சுங்கான்கடைப் பிள்ளைகளைக் குறைக்கலாமா என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் கூடாது என்று தலையை ஆட்டினார். கடைசியில் ஞானசிங் திரைக்குப் பக்கத்தில் போய் மூலையில் விரலை வைத்தார். அங்கே ஒரு ஸ்பீடாமீட்டர் இருந்தது. முள்ளும் எண்ணுமாக ஜெஸ்மி ஆசை ஆசையாக வரைந்தது. அந்த முள்ளை ஆடவைக்க அவளுக்கு நாலு சாயங்காலம் பிடித்தது.

"இத எடு."

"ஐயோ, அது நல்லா வந்திருக்கே!"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ ஏறின பழைய பஸ் எதுலயாவது ஸ்பீடாமீட்டர் ஓடிக் கண்டிருக்கியா?"

முதலில் சிரித்தது பகவதியப்பன். பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ஞானசிங் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குகு, சிரிக்க வைக்காதேயும்," என்று மேலும் சிரித்தார். ஜெஸ்மி முள்ளை எடுத்தாள், எண்ணை எடுத்தாள், வெறும் வட்டத்தை மட்டும் விட்டுவைத்தாள். வேண்டிய இடம் கிடைத்தது. மறுநாள் எடுவார்டோ தக்கலையைத் தாண்டி, அழகியமண்டபத்தில் வாழைக்குலையில் மோதினார். மோதிய படத்தை எல்லாருக்கும் அனுப்பிவைத்தார்.

போட்டியில் முதல் பரிசு ஒரு கோட்டைக்கும் பேய்க்கும்தான் போனது. 'தக்கலை வழி' நடுவில் எங்கோ ஒரு இடத்தில் வந்தது. ஆனால் நடுவர்களில் ஒருவர், இந்த விசிலைக் கேட்ட பிறகு தன் நாட்டு பஸ்கள் எல்லாம் மௌன விரதம் இருப்பதுபோல் தோன்றுகிறது என்று எழுதியிருந்தார். அதை ஜெஸ்மி தமிழில் சொன்னதும் பகவதியப்பன் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். எடுவார்டோ தன் செலவில் கொஞ்சம் கேட்ரிட்ஜ்கள் செய்து, அட்டைப்பெட்டியில் பஸ் படம் போட்டு, நண்பர்களுக்குக் கொடுத்தார்; அவற்றில் இரண்டு பம்மத்துக்கும் வந்தன.

ஞானசிங் திரும்ப ஸ்டியரிங் பிடிக்கவில்லை. அது நடக்காது என்று அவருக்கும் தெரியும். ஆனால் நாற்காலி முன்னறைக்கு வந்துவிட்டது. டெப்போவில் புது டிரைவர்கள் யாராவது தக்கலையில் நேரம் போகிறது என்று அலுத்துக்கொண்டால், "ஒருநாள் வீட்டுக்கு வா, காட்டித் தாறேன்," என்கிறார். சிலர் வரவும் செய்தார்கள். ஒருவரும் அவர் எடுத்த புள்ளியை இன்னும் தொடவில்லை.

கேட்ரிட்ஜ் வந்த வாரம் எடுவார்டோ வீடியோ காலில் கூப்பிட்டார். இங்கே சாயங்காலம், அங்கே காலை. அவர் பக்கத்தில் வயசான அவர் அம்மாவும் இருந்தார். மகன் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்து அந்த அம்மாவுக்கு ஊர்ப் பெயரெல்லாம் மனப்பாடம். 'வில்லுக்குறி' என்பதை அவர் சொன்ன அழகில் ஞானசிங் எழும்பி நின்றுவிட்டார். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகமாம். எடுவார்டோ அதை ஆங்கிலத்தில் சொல்ல, ஜெஸ்மி தமிழில் சொன்னாள்.

"மார்த்தாண்டத்துக்குப் பிறவு அந்த ரோடு எங்க போவுதுன்னு கேக்கா."

"அப்பிடிக் கேளு!" என்றார் ஞானசிங். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குழித்துறை, ஆத்துப்பாலம். பாலம் தாண்டி படந்தாலுமூடு. அங்கேருந்து களியக்காவிளை. அதுக்கு அந்தப் பக்கம் கேரளா, அது வேற கணக்கு..."

ஜெஸ்மி அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கேரள எல்லை தாண்டிப் பாறசாலைக்கு வரும்போது அவளுக்குத் தொண்டை வற்றிவிட்டது. அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஞானசிங் நெய்யாற்றின்கரைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.